அயோத்திதாசப் பண்டிதர்: பௌத்த ஆய்வும் ஊர் அரசியலும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அயோத்திதாசரைப் பற்றி மாணவர்களும் வாசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலோர் அவரை இரண்டாகப் பிரித்துத்தான் கேட்கிறார்கள். ஒரு பக்கம் மணிமேகலைக் காப்பியமும் வீரசோழிய இலக்கணமும் படித்த பௌத்தப் பண்டிதர். மறுபக்கம் மனு எழுதி, மாநாடு கூட்டி, பத்திரிகை நடத்திய அரசியல்வாதி. இந்தப் பிரிவினையே அவரைப் புரிந்துகொள்ளத் தடையாக நிற்கிறது என்பது என் உறுதியான எண்ணம். கீழே உள்ள பதில்களை அந்த எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.

யார் அவர்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1845 மே 20 அன்று பிறந்து, 1914 மே 5 அன்று மறைந்தவர். சித்த மருத்துவர். தமிழோடு வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றிலும் பயிற்சி உள்ளவர். 1891-இல் திராவிட மகாஜன சபையையும், 1898-இல் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தையும் தோற்றுவித்தார். 1907 முதல் சாகும்வரை வார இதழ் ஒன்றை நடத்தினார். தம்மைப் போலத் தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட தமிழ் மக்கள் ஒரு காலத்தில் பௌத்தர்களாக இருந்தார்கள், பௌத்தம் வீழ்த்தப்பட்டபோதுதான் அவர்கள் தாழ்த்தப்பட்டார்கள் என்பது அவருடைய மையக் கருத்து.

காத்தவராயன் எப்படி அயோத்திதாசர் ஆனார்?

பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி தந்த ஆசிரியர் வல்லக்காளத்தி அயோத்திதாச கவிராஜ பண்டிதர் மீதிருந்த பற்றினால் அவருடைய பெயரையே தமதாக்கிக்கொண்டார். குடும்பம் வைணவப் பழக்கம் உள்ளது. மகன்களின் பெயர்களைப் பாருங்கள்: பட்டாபிராமன், மாதவராம், ஜானகிராமன், இராசராம். மகள் ஒருத்தியின் பெயரோ மாயாதேவி. புத்தரின் தாயின் பெயர். அவருடைய சமய வாழ்க்கை போன திசை இந்த ஒரு வீட்டுப் பெயர்களிலேயே தெரிகிறது.

குடும்பத்தில் ஏற்கெனவே கல்வி இருந்ததா?

இருந்தது. இதைப் பலர் கவனிப்பதில்லை. அவருடைய பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் பட்லராகப் பணியாற்றியவர். அந்த வீட்டில் தலைமுறைகளாகக் காக்கப்பட்ட ஓலைச்சுவடிகள் இருந்தன. திருக்குறள் சுவடியைப் பாட்டனார் ஆரிங்டன் மூலம், தமிழ் ஆய்ந்த ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்ததாக அயோத்திதாசரே எழுதியிருக்கிறார். ஆங்கிலேயர் வீட்டுச் சமையற்கட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் வீட்டில் குறள் ஓலை இருந்திருக்கிறது. படிப்பு தங்களுக்குப் புதிதாக யாரோ வழங்கிய கொடை அல்ல, தங்களிடமிருந்து பறிக்கப்பட்ட சொத்து என்று அவர் கடைசிவரை அழுத்திச் சொன்னதற்குப் பின்னால் இந்த வீட்டு அனுபவம் இருக்கிறது.

1891 உதகை மாநாட்டில் என்ன நடந்தது?

அவருடைய அரசியல் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 1891 டிசம்பர் 1 அன்று நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாடு கூடியது. பத்துத் தீர்மானங்கள் நிறைவேறின. அவற்றில் சமயத் தத்துவம் ஒரு வரிகூட இல்லை. எல்லாம் அன்றாட வாழ்க்கையின் கோரிக்கைகள்.

சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துகிறவர்களைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும். பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள், தங்கள் சமூகத்திலிருந்தே ஆசிரியர்கள், கட்டணத்தில் சலுகை வேண்டும். மெட்ரிகுலேஷன் தேறுகிற மாணவர்களுக்கு உதவித்தொகை வேண்டும். கல்வித் தகுதியும் நன்னடத்தையும் உள்ளவர்களுக்கு அரசு வேலையில் தடை இருக்கக் கூடாது. பொதுக் கிணற்றிலும் குளத்திலும் தண்ணீர் எடுக்கத் தடை கூடாது. நீதிமன்றத்திலும் அரசு அலுவலகங்களிலும் மற்றவர்களைப் போல உள்ளே போகவும் உட்காரவும் உரிமை வேண்டும். கிராம முன்சீப், மணியக்காரர் பதவிகளில் அமர்த்த வேண்டும். சிறைச்சாலை விதிகளில், இந்த மக்களுக்கு மட்டும் இழிவான வேலைகளை ஒதுக்கும் விதியை எடுத்துவிட வேண்டும்.

கடைசியாகச் சொன்னதை நிதானமாகப் படியுங்கள். சிறை விதிப் புத்தகத்தைப் புரட்டி, எந்த எண்ணுள்ள விதி தம் மக்களை எப்படி நடத்துகிறது என்று தேடிப் பிடித்த மனிதர் அவர். ஏட்டுச்சுவடிகளைப் படித்த அதே கண்தான் அரசாங்க விதிகளையும் படித்திருக்கிறது.

தீர்மானங்கள் காங்கிரசுக்கு அனுப்பப்பட்டன. கிடைத்ததாக ஒப்புகை வந்தது. அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை.

நகராட்சியிலும் ஊர் மன்றங்களிலும் இடம் கேட்டார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அந்தப் பத்துத் தீர்மானங்களில் அதுவும் ஒன்று. மாவட்ட நகராட்சிகளிலும் கிராம மன்றங்களிலும் தங்கள் மக்களின் நலனைப் பேசப் பிரதிநிதிகளை நியமிக்க வேண்டும், அப்படி நியமிக்கும்போது சொத்து வரி கட்டுகிறவரா என்று பார்க்காமல் கல்வியையும் நடத்தையையும் மட்டும் பார்க்க வேண்டும் என்பது கோரிக்கை.

அதன் கூர்மை புரிய அந்தக் காலத்து உள்ளாட்சி முறை தெரிந்திருக்க வேண்டும். ரிப்பன் பிரபு 1882-இல் கொண்டுவந்த உள்ளாட்சித் தீர்மானத்தைத் தொடர்ந்து, சென்னை மாகாணத்தில் 1884-இல் நகராட்சிகளுக்கும் வட்ட, மாவட்டக் கழகங்களுக்கும் புதிய சட்டங்கள் வந்தன. வரி செலுத்துகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு வாக்கு கிடைத்தது. இந்தியர்கள் தங்கள் ஊரைத் தாங்களே நிர்வகிக்கும் முதல் படி என்று அதைக் கொண்டாடினார்கள். ஆனால் வீடும் மனையும் தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாதவனுக்கு, நிலத்தை விட்டே துரத்தப்பட்டவனுக்கு, அந்தப் படியில் கால் வைக்க வழியில்லை. கிணறு எங்கே தோண்டுவது, விளக்கு எந்தத் தெருவில் போடுவது, சாக்கடை எங்கே போவது, பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் கட்டுவது என்பதையெல்லாம் முடிவு செய்கிற இடம் அது. அங்கே சேரிக்காக ஒரு குரலும் இல்லை.

அயோத்திதாசர் இதைச் சட்டம் வந்த சில ஆண்டுகளுக்குள்ளாகவே பிடித்துவிட்டார். சொத்தை அளவுகோலாக வைத்தால் சொத்து மறுக்கப்பட்டவர்கள் என்றைக்கும் வெளியேதான் நிற்பார்கள் என்பது எளிய கணக்கு. அந்தக் கணக்கை 1891-இலேயே எழுத்தில் வைத்தவர் அவர். சட்டமன்றத்தில் ஒடுக்கப்பட்டோருக்கான நியமன இடங்கள் 1919 சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் வந்தன. அதை வைத்துப் பார்த்தால் அவர் எவ்வளவு முன்னால் நின்றார் என்பது தெரியும்.

1892-இல் விக்டோரியா மண்டபத்தில் அவர் கேட்ட கேள்வி என்ன?

சென்னை மகாஜன சபை 1884-இல் தொடங்கப்பட்ட அமைப்பு. மாகாணத்தின் படித்த பிரமுகர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். 1892-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அது கூட்டிய மாநாட்டுக்கு நீலகிரியின் பிரதிநிதியாக அயோத்திதாசர் போனார். தம் மக்களை விஷ்ணு, சிவன் கோவில்களுக்குள் அனுமதிப்பதில் என்ன தடை என்று கேட்டார்.

தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த ஒரு பிரதிநிதி எழுந்து பதில் சொன்னார். உங்களுக்கு மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கிறார்கள். சிவனும் விஷ்ணுவும் உங்கள் குலத்துக்கு உரியவர்கள் அல்லர் என்பது அந்தப் பதிலின் சாரம். அப்படியென்றால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அயோத்திதாசர் உடனே அடுத்த கோரிக்கைக்குப் போனார்: எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வி கொடுங்கள், கிராமங்களில் கிடக்கும் தரிசு நிலங்களை எங்களுக்குக் கொடுங்கள்.

இந்தச் சம்பவத்தைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அவமானத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கவர்வது அதற்கு அடுத்த கணம். அத்தனை பேர் முன்னால் அப்படிப் பேசப்பட்ட பிறகும் அவர் வெளிநடப்புச் செய்யவில்லை. கோவிலை விட்டுவிட்டு பள்ளிக்கூடத்தையும் நிலத்தையும் கேட்டார். எதைக் கேட்டால் நாளைக்குப் பயன்படும் என்று தெரிந்த அரசியல்வாதியின் நிதானம் அது.

நிலக் கோரிக்கை காற்றில் எழுந்ததும் அல்ல. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் அந்த மாவட்டத்து ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி விரிவான அறிக்கை எழுதிய காலம் அது. அதன் விளைவாக 1892-இல் அரசு பிறப்பித்த ஆணையின் கீழ் ஒதுக்கப்பட்டவைதான் இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்பவை.

அரசியலில் தோற்றதால்தான் பௌத்தத்துக்குப் போனாரா?

இப்படிக் கேட்பது எளிது. ஆனால் அது பொருந்தவில்லை. பௌத்தத்துக்கு வந்த பிறகுதான் அவர் அரசியலை இன்னும் அதிகமாக எழுதினார். 1907 முதல் 1914 வரை அவர் எழுதிக் குவித்ததில் பாதி நாட்டு நடப்பு.

கோவில் நுழைவுக்கு மறுப்பு வந்தபோது அவருக்கு ஒன்று தெளிவாகியிருக்க வேண்டும். நீ யார் என்ற கேள்விக்கு எதிராளி சொல்லும் பதிலை ஏற்றுக்கொண்டு உரிமை கேட்டால், கேட்கும்போதே பாதி தோற்றுவிடுகிறோம். வேறொரு பதில் வேண்டும். அதை அவர் பழைய இலக்கியத்திலும் வாய்மொழி வழக்குகளிலும் மருத்துவச் சுவடிகளிலும் தேடினார். நாங்கள் இந்த நாட்டின் பூர்வக் குடிகள், அறமும் மருத்துவமும் கணிதமும் கற்றுத் தந்த பௌத்த மரபினர் என்ற பதில் கிடைத்தது. நகராட்சியில் இடம் கேட்பதும் இந்த வரலாற்றை எழுதுவதும் அவருக்கு ஒரே வழக்கின் இரண்டு மனுக்கள்.

1898 இலங்கைப் பயணம் பற்றிச் சொல்லுங்கள்.

பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஆல்காட், அடையாறு பகுதியில் 1894 முதல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகள் நடத்திவந்தார். 1898-இல் அயோத்திதாசர் அவரை அணுகி, எங்கள் முன்னோர்கள் பௌத்தர்கள், அந்த மார்க்கத்துக்குத் திரும்ப உதவுங்கள் என்று கேட்டார். ஆல்காட் அவரையும், பஞ்சமர் பள்ளியொன்றின் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமியாரையும் கொழும்புக்கு அழைத்துச் சென்றார். அங்கே வித்யோதயப் பிரிவெனா என்ற பௌத்தக் கல்வி நிலையத்தின் தலைவரான சுமங்கல மகாநாயக தேரரிடம் அவர்கள் பஞ்சசீலம், அதாவது பௌத்தர்களுக்குரிய ஐந்து ஒழுக்க உறுதிமொழிகள், பெற்றார்கள். திரும்பி வந்ததும் இராயப்பேட்டையில் சங்கம் தொடங்கியது.

ஆல்காட் தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவருடைய உதவி பெரிது, அதில் சந்தேகமில்லை. ஆனால் யோசனையும் கோரிக்கையும் இங்கிருந்து போனவை.

சங்கம் எங்கெல்லாம் பரவியது?

கோலார் தங்கவயல், பெங்களூர், ஹூப்ளி, திருப்பத்தூர், வேலூர். கடல் கடந்து இரங்கூன், தென்னாப்பிரிக்காவின் டர்பன். தமிழர்கள் கூலிக்கும் வேலைக்கும் போன ஊர்களெல்லாம் இந்த வரைபடத்தில் இருக்கின்றன. தங்கவயலின் பங்கு தனியாகச் சொல்ல வேண்டியது. பூமிக்கு அடியில் சுரங்கத்தில் வேலை செய்த வட ஆர்க்காட்டுத் தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்த காசில்தான் பண்டிதரின் நூல்கள் பல அச்சாயின. அங்கே இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய மறைவுக்குப் பிறகும் அவற்றை வெளியிட்டு வந்தது.

அவரை முறையான பௌத்த ஆய்வாளர் என்று சொல்லலாமா?

இன்றைய பல்கலைக்கழக அளவுகோலை வைத்தால் தடுமாற்றம் வரும். அவர் பாலி நூல்களை மூலமாக வைத்துத் தொடங்கவில்லை. மணிமேகலை, சிலப்பதிகாரம், வீரசோழியம், நிகண்டுகள், திருக்குறள், சித்தர் பாடல்கள், சுவடிகளில் இருந்த மருத்துவ நூல்கள், ஊரில் வழங்கிய கதைகள், பண்டிகைகள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத் தமிழ் பௌத்தம் ஒன்றை மீட்டெடுத்தார். 1912-இல் வந்த 'புத்தரது ஆதிவேதம்' அவருடைய முதன்மையான நூல். அதன் பகுதிகளுக்கு மணிமேகலையில் இருப்பதுபோலவே காதை என்று பெயரிட்டிருக்கிறார். புத்தரின் வாழ்க்கையைத் தமிழ்ச் சான்றுகளைக் கொண்டே சொல்ல முடியும் என்பதை அந்த அமைப்பிலேயே காட்டிவிடுகிறார்.

அவருடைய முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு. இந்திரர் என்பதை ஐம்பொறிகளையும் வென்றவர், அதாவது புத்தர், என்று அவர் விளக்குகிறார். அதிலிருந்து இந்த நாடு இந்திரர் தேசம் ஆகிறது. 'இந்திரர் தேச சரித்திரம்' என்ற நூல் இந்தக் கோணத்தில் நாட்டின் வரலாற்றையே திருப்பி எழுதுகிறது. குறளின் ஆதிபகவன் அவருக்குப் புத்தர்தான். தீபாவளியும் கார்த்திகைத் தீபமும் பௌத்த சங்கங்கள் எண்ணெய் வித்துக்களின் பயனைக் கண்டறிந்து மக்களுக்கு அறிவித்த நாள்களின் நினைவு என்கிறார்.

இந்தச் சொற்பிரிப்புகள் பலவற்றை மொழியியலாளர்கள் ஏற்கமாட்டார்கள். நானும் அவற்றை நிறுவப்பட்ட வரலாறாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் அவருடைய எழுத்தின் மதிப்பு அங்கேயே தீர்ந்துபோவதில்லை. தமிழ்நாட்டில் பௌத்தம் பல நூற்றாண்டுகள் வேரூன்றியிருந்தது, பிறகு இல்லாமல் போனது என்பது யாரும் மறுக்காத செய்தி. அந்த மக்கள் எங்கே போனார்கள், அவர்களுடைய விழாக்களும் தெய்வங்களும் என்ன ஆயின என்ற கேள்வியைத் தமிழில் விடாப்பிடியாக எழுப்பியவர் அவர். சாதி கடவுள் படைத்ததல்ல, வரலாற்றில் ஒரு கட்டத்தில் ஒரு தரப்பு தோற்றதன் விளைவு என்று அவர் சொன்னது இந்த ஆய்வின் வழியாகத்தான். தோற்றதால் வந்தது என்றால் மாற்றவும் முடியும்.

'ஒரு பைசாத் தமிழன்' எப்படிப்பட்ட பத்திரிகை?

1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து முதல் இதழ் வந்தது. புதன்கிழமைதோறும் வெளிவந்த நான்கு பக்க வார இதழ். விலை காலணா, அதாவது ஒரு பைசா. அதுவே பெயரும் ஆனது. ஓராண்டுக்குப் பிறகு 'தமிழன்' என்று பெயரைச் சுருக்கிக்கொண்டது.

ஒரே இதழில் புத்தர் சரித்திரத்தின் ஒரு பகுதி இருக்கும். பக்கத்தில் அரிசி விலை ஏற்றம் இருக்கும். குறள் உரை தொடராக வரும். கூடவே கிராம அதிகாரிகள் ஏழைக் குடிகளை எப்படி ஆட்டிப்படைக்கிறார்கள் என்ற புகார் வரும். விவசாயம் ஏன் சீர்கெட்டது, தண்ணீர் யாருக்குக் கிடைக்கிறது, பெண் கல்வி, மழை நிலவரம், சங்கக் கூட்டச் செய்திகள் என்று எல்லாமே அதில் உண்டு. வாசகர்கள் கேள்வி அனுப்புவார்கள், பண்டிதர் விடை எழுதுவார். கேள்வி பதில் வடிவம் அவருக்கு மிகவும் பிடித்தது. 'புத்த மார்க்க வினா விடை' என்று தனி நூலே எழுதியிருக்கிறார்.

ஊர் அரசியலை அவர் எப்படி நடத்தினார் என்பதற்கு இந்தப் பத்திரிகையே சான்று. பதவி இல்லை, பணம் இல்லை. வெளியூரில் ஒரு கிணற்றில் தண்ணீர் மறுக்கப்பட்டால் அந்தச் செய்தி கடிதமாக இராயப்பேட்டைக்கு வரும், இதழில் அச்சாகும், அரசாங்கத்தின் கவனத்துக்கு என்று எழுதப்படும். கோலாரிலும் இரங்கூனிலும் அதைப் படிப்பார்கள். தனித்தனி ஊர்களில் தனித்தனியாகச் சகித்துக்கொண்டிருந்த மக்களுக்கு ஒரே வாரத்தில் ஒரே செய்தியைப் படிக்கும் வழி கிடைத்தது. இதை அரசியல் அமைப்பு என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

அவர் மறைந்த பிறகு மகன் பட்டாபிராமன் சிறிது காலம் இதழைத் தொடர்ந்தார். 1926-இல் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார்.

நகர்மன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர் என்று ஏதாவது பதவி வகித்தாரா?

இல்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏன் அவ்வளவு அக்கறை காட்டினார்?

எண்ணிக்கைதான் பிரதிநிதித்துவத்துக்கு அடிப்படை என்பதால். 1911 கணக்கெடுப்பு வரும்போது, சாதிப் பெயரைச் சொல்லாமல் பௌத்தர் என்று பதிவு செய்யும்படி 'தமிழன்' வாசகர்களைத் தொடர்ந்து வற்புறுத்தியது. 1909-இல் மின்டோ-மார்லி சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி கொடுத்திருந்தது. இந்துக்கள் என்ற தலைப்பின் கீழ் இந்த மக்களையும் சேர்த்து எண்ணி, அந்த எண்ணிக்கையின் பலனை மட்டும் மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. கணக்கெடுப்பாளர் வாசலில் வந்து கேட்கும் ஒரு கேள்விக்குச் சொல்லும் பதிலில் அரசியல் இருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவர் ஆங்கிலேயர் ஆதரவாளர்தானே?

ஆம், வெளிப்படையாகவே. அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. சுதேசி இயக்கத்தைக் கடுமையாக விமர்சித்தார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டபோது ஆஷுக்காக வருந்தி எழுதினார். இதை வைத்து அவரைத் துரோகி என்று ஒதுக்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அவர் நின்ற இடத்தில் நின்று பார்க்க வேண்டும். குளத்தில் தண்ணீர் எடுக்க விடாதவர்கள், நீதிமன்றத்தில் தள்ளி நிற்கச் சொன்னவர்கள், 1892-இல் மண்டபத்தில் எழுந்து பதில் சொன்னவர்களின் கூட்டத்தார், இவர்கள்தான் சுயராச்சியம் கேட்டார்கள். அந்த ஆட்சியில் தம் மக்களின் கதி என்ன என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை. ஆங்கிலேயரின் பள்ளி, இரயில், இராணுவம், சுரங்கம், ஆலை ஆகியவை சாதியைக் கடந்து கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்தன. அப்படியே ஆட்சியைக் கைமாற்றிக் கொடுப்பதானால் இந்த நாட்டின் பூர்வக் குடிகளிடம் கொடுங்கள் என்றுகூட எழுதினார்.

அதே ஆங்கிலேய ஆட்சிதான் நிலவரி முறையாலும் பஞ்ச காலத்து அலட்சியத்தாலும் இந்த மக்களையே அதிகம் வதைத்தது. அந்தப் பக்கத்தை அவர் போதிய அளவு எடைபோடவில்லை என்று நான் நினைக்கிறேன். ஆனால் சுதந்திரம் யாருக்கு என்று அவர் கேட்ட கேள்வி, அவருடைய விசுவாசத்தோடு சேர்த்துத் தள்ளிவிடக் கூடியது அல்ல.

இரட்டைமலை சீனிவாசனோடு என்ன கருத்து வேறுபாடு?

இருவரும் உறவினர்கள். அயோத்திதாசரின் மனைவி தனலட்சுமி சீனிவாசனின் சகோதரி. சீனிவாசன் சாதிப் பெயரையே துணிச்சலாகத் தலைப்பில் வைத்து 1893-இல் 'பறையன்' என்ற இதழைத் தொடங்கினார். அந்தப் பெயர் எதிரிகள் சூட்டியது, அதை நாமே சுமக்கக் கூடாது என்பது அயோத்திதாசரின் நிலை. மதம் மாறுவது தீர்வா என்பதிலும் இருவரும் வேறுபட்டார்கள். சீனிவாசன் பிறகு சென்னைச் சட்டமன்றத்திலும் இலண்டன் வட்டமேசை மாநாட்டிலும் உட்கார்ந்து பேசினார். இரண்டு வழிகளும் தேவைப்பட்டன என்றே எனக்குத் தோன்றுகிறது.

இலட்சுமி நரசு, சிங்காரவேலர் ஆகியோரும் பௌத்தர்கள்தானே?

ஆம். சென்னையில் அந்தக் காலத்தில் பௌத்தம் பேசியவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள். இயற்பியல் பேராசிரியரான பொ. இலட்சுமி நரசு 1907-இல் பௌத்தத்தின் சாரத்தை விளக்கி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். அறிவியலுக்கு ஒத்த, பகுத்தறிவு சார்ந்த பௌத்தம் அவருடையது. பண்டிகைகளுக்கும் தெய்வக் கதைகளுக்கும் புது விளக்கம் சொல்லி அவற்றை மீட்டெடுத்த அயோத்திதாசரின் வழியோடு அது ஒத்துப்போகவில்லை; உரசல்கள் இருந்தன. சிங்காரவேலர் மகாபோதி சங்கத்தில் ஈடுபட்டிருந்தவர். பின்னாளில் 1923-இல் சென்னையில் மே தினம் கொண்டாடி, 1925-இல் சென்னை மாநகராட்சி உறுப்பினரும் ஆனார். அயோத்திதாசர் மனுவில் கேட்ட இடத்துக்குப் பௌத்தச் சார்புள்ள ஒருவர் வேறு வழியாகப் போய்ச் சேர்ந்தார் என்று இதைப் பார்க்கலாம்.

அம்பேத்கரோடு தொடர்பு உண்டா?

நேரடிச் சந்திப்பு இல்லை. அயோத்திதாசர் மறைந்தபோது அம்பேத்கருக்கு 23 வயது, அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தார். நாகபுரியில் அம்பேத்கர் பௌத்தம் தழுவியது 1956-இல். கொழும்புப் பயணத்துக்கு 58 ஆண்டுகள் கழித்து. இடையில் ஓர் இழை இருக்கிறது: இலட்சுமி நரசுவின் நூலை 1948-இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் அம்பேத்கர்.

மருத்துவராக அவர் எப்படி?

சென்னையில் பெயர் பெற்ற சித்த மருத்துவர். திரு.வி.க. சிறுவயதில் கால் முடங்கிக் கிடந்தபோது குணப்படுத்தியவர் அயோத்திதாசர்தான். அதைத் திரு.வி.க. நன்றியோடு பதிவு செய்திருக்கிறார்.

அவரை விமர்சிக்க எதுவுமே இல்லையா?

இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கே நியாயம் செய்ததாகாது. தாழ்த்தப்பட்டவர்கள் வேறு, இயல்பிலேயே தாழ்ந்தவர்கள் வேறு என்று அவர் பிரித்து எழுதினார். முதல் பிரிவில் தம் மக்களை வைத்தார். வேறு சில ஒடுக்கப்பட்ட சமூகங்களை இரண்டாவதில் தள்ளினார். சாதி வரலாற்றில் உண்டாக்கப்பட்டது என்று நிறுவியவர் இந்த இடத்தில் தம் வாதத்தையே கைவிடுகிறார். அந்தப் பகுதிகளைப் படிக்கும்போது எனக்கு வலிக்கிறது. ஒரு சமூகத்தின் இழந்த பெருமையை மீட்கும் எழுத்து, பக்கத்தில் இருப்பவரைக் கீழே இறக்கித் தன்னை உயர்த்திக்கொள்ளும் ஆபத்துக்கு அவர் தப்பவில்லை.

இவ்வளவு எழுதியவரை ஏன் நெடுங்காலம் யாரும் பேசவில்லை?

அவருடைய மொழி ஒரு காரணம்: பழைய நடை, சந்தி பிரிக்காத நீண்ட வாக்கியங்கள். இதழ்கள் கிடைக்காதது இன்னொன்று. ஆனால் முதன்மைக் காரணம் அரசியல். தேசிய இயக்கத்தின் வரலாற்றில் அவருக்கு இடமில்லை, ஏனென்றால் அவர் அதை எதிர்த்தார். பிறகு வந்த திராவிட இயக்க வரலாறுகள் பெரும்பாலும் 1916-இல் நீதிக்கட்சியிலிருந்து தொடங்கின. திராவிடம் என்ற அடையாளத்தில் 1891-இலேயே சபை கண்டவர் அந்தத் தொடக்கப் புள்ளிக்கு வெளியே விழுந்துவிட்டார். தங்கவயலிலும் வட ஆர்க்காட்டிலும் சில குடும்பங்கள் பழைய 'தமிழன்' இதழ்களைக் கட்டிக் காத்திருந்ததால்தான் இன்று நம்மால் அவரைப் படிக்க முடிகிறது. 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்ட 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகள் வந்த பிறகே பரவலான வாசிப்பு தொடங்கியது.

அரசு சார்பில் என்ன நினைவுகள் இருக்கின்றன?

2005-இல் அஞ்சல் தலை. தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவருடைய பெயர். சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட மணிமண்டபம். ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் அடிப்படை வசதிகளை மேம்படுத்த 2023-இல் தமிழ்நாடு அரசு 5 ஆண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் என்று அறிவித்த திட்டமும் அவர் பெயரில்தான். 1891 தீர்மானங்களைப் படித்தவர்களுக்கு இந்தக் கடைசித் திட்டம்தான் அவருக்குப் பொருத்தமானது என்று தோன்றும். தண்ணீர், சாலை, விளக்கு, சுடுகாட்டுப் பாதை ஒவ்வொன்றும் உண்மையில் வந்து சேர்ந்ததா என்று கேட்பதுதான் அவர் வழி.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

பலரும் 'இந்திரர் தேச சரித்திரம்' நூலை முதலில் எடுத்து, சொல்லாராய்ச்சியில் சிக்கித் திணறி, மூடிவைத்துவிடுகிறார்கள். தொகுதிகளில் அரசியல் கட்டுரைகள் தனியாகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன, அவற்றில் தொடங்குங்கள். ஒவ்வொன்றும் ஓரிரு பக்கம்தான். அந்த நடைக்குக் கண் பழகிவிடும். அதன்பின் 'புத்த மார்க்க வினா விடை', பிறகு 'புத்தரது ஆதிவேதம்'. ஆதிவேதத்தைப் படிக்கும்போது பக்கத்தில் மணிமேகலையை வைத்துக்கொண்டால், அவர் எந்த வரியை எங்கிருந்து எடுத்து எப்படித் திருப்புகிறார் என்பது புரியும். திருக்குறள் உரை முழுமையடையாதது. அவர் அதை எழுதிக்கொண்டிருந்தபோதே இறந்துபோனார். 'இந்திரர் தேச சரித்திரம்' கடைசியாக இருக்கட்டும்.